தினைப்புனத்தில் தனித்து நிற்பவள்: இசை நாடக மேடையில் வள்ளி

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) இசை நாடகங்களில் பெண்மை குறித்துப் பேசும் ஆய்வாளர் பெரும்பாலும் கற்பிலிருந்தே தொடங்குவர். சத்தியவான் சாவித்திரி, சுலோசனா சதி, கோவலன் ஆகியவை அதற்கு இடந்தருவன. ஆயின் விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்து ஊர்ப் பொங்கல்களில் விரும்பி நடத்தப்பெறும் வள்ளி திருமணத்தை இவ்வளவுகோலால் அளக்க இயலாது. வள்ளி மணமாகாதவள், வீட்டைவிட்டு வெளியே, தினைப்புனத்துப் பரணில், தனக்கு இடப்பட்ட வேலையைச் செய்துகொண்டிருப்பவள். அவளை அயலான் ஒருவன் வந்து மறிக்கிறான். அந்த மறிப்பின்மீதே நாடகம் நிற்கிறது.

தினை காக்கும் பெண்ணும் எதிர்ப்படும் ஆணும் சங்க அகப்பாடல்களின் குறிஞ்சித் திணையிலிருந்து வருபவர்கள். அங்குத் தலைவியின் தயக்கத்தைத் தோழி எடுத்துரைப்பாள். மேடை வள்ளிக்குத் தோழியர் உண்டெனினும் வாதிடுபவள் அவளே. முதலில் நாரதரோடும் பின்னர் முருகனோடும் அவள் நிகழ்த்தும் தருக்கத்திற்காகவே மக்கள் பாயை விரித்து விடியும்வரை விழித்திருக்கின்றனர். ஊர் எது, குலம் எது, இங்கு வந்த காரியம் என்ன என அவள் அடுக்கும் வினாக்களுக்கு வந்தவன் பாட்டாலும் பேச்சாலும் விடையிறுத்தாக வேண்டும்.

இங்கு நாடகத்தின் அமைப்பைக் கருதாமல் பனுவலை மட்டும் ஆராய்வது போதாது. ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு இல்லை, நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தமாகி வருகின்றனர், ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் நடிகர் அன்றிரவு என்ன கேட்பார் என்பது ஸ்திரீபார்ட்டுக்குத் தெரியாது. இவர் என்ன திருப்புவார் என்பதும் அவருக்குத் தெரியாது. புராண அறிவும் தாளக்கட்டும் உடைய நடிகை முன்னின்றால் முருகன் திணறுவதும் உண்டு. ஆடவர் எழுதிய பனுவலில் இல்லாத ஓர் அதிகாரம் இவ்வாறு நடிகையின் கைக்கு வருகிறது. ‘ஆணாதிக்கப் பனுவல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் கட்டுரைகள் காணத் தவறுவது இதனையே.

எனினும் அவ்வதிகாரத்திற்கு ஓர் எல்லை உண்டு. வள்ளி தருக்கத்தில் தோற்பதில்லை. யானைக்கு அஞ்சியே இணங்குகிறாள். விநாயகர் யானையாக வந்து வெருட்ட, மறுத்தவனையே அவள் அடைக்கலமாகப் பற்றுகிறாள். மதுரையை ஆண்ட அல்லியின் கதையும் இத்தகையதே. பாம்புருக் கொண்டு நுழைந்த அருச்சுனன் அவள் உறங்கும்போது தாலி கட்டுகிறான். சொல்லால் வெல்ல முடியாத பெண்ணை அச்சமும் வஞ்சமும் வெல்கின்றன. பக்தி மரபு இதனை ஆன்மாவை இறைவன் ஆட்கொள்ளும் செயலாக விளக்கும். அவ்விளக்கத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மேடையில் அவையோர் காண்பது அஞ்சி ஓடும் ஒரு பெண்ணையே.

சிவகாசியில் 1886இல் பிறந்த எஸ்.எஸ். விசுவநாததாசின் வாழ்வு இப்பொருளுக்கு மற்றொரு பக்கத்தைச் சேர்க்கிறது. வள்ளி பறவை விரட்டும் காட்சி விடுதலைப் போர்க்காலத்தில் வெள்ளையரை விரட்டும் உருவகமாயிற்று. வெண்கொக்குப் பாடல் ஊரெங்கும் பரவியது. பறவை விரட்டுதல் வள்ளியின் தொழில். ஆயினும் வரலாற்றில் அப்பாடலோடு நிலைத்த பெயர் அவருடையதே. அவர் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31இல் சென்னை மேடையில் முருகன் வேடத்திலேயே உயிர்நீத்தவர். அப்பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. அவருக்கு எதிர்நின்று பாடிய வள்ளியர் எவர் என்று கேட்பது ஆய்வின் கடமை.

அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் நடிகையர் சிலர் உடன் நடிக்க மறுத்தனர். இதனைச் சாதி இழிவாகப் பதிவு செய்தது சரியே. ஆனால் மேடையேறிய பெண்ணையே ஊர் ஐயுற்ற காலம் அது. எஞ்சியிருந்த சிறு மதிப்பைக் காக்க அவர்கள் பற்றியது தம்மினும் தாழ்த்தப்பட்டவரை விலக்கும் வழியாயிற்று. இணங்கி நடித்தவர்களுள் ஒருவர் கே.பி. ஜானகி அம்மாள்; 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானவர். மேடையில் எதிர்வாதம் செய்து பழகிய குரல் பொதுக்கூட்டத்திற்குச் சென்ற வழி தனியே ஆராயத்தக்கது.

நடிகையர் சுமக்கும் இழிபெயரைப் பற்றி மதுரையை மையமாகக் கொண்டு ஆய்ந்த சூசன் சைசர் 2005இல் நூலாக வெளியிட்டார். நள்ளிரவுக்கு முன் நிகழும் பபூன்–டான்ஸ் காட்சியை அவர் நுணுகி நோக்குகிறார்: வெளியே தனித்து வரும் பெண், எதிர்ப்படும் அயலான், கேலி, காதல். வேடிக்கைப் பகுதியென ஒதுக்கப்படும் இதுவும் பின்னர் வரும் வள்ளியின் கதையும் ஒரே சூழலின் இரு வடிவங்கள் எனலாம். முன்னதை ஆபாசம் என்போர் பின்னதைப் பக்தி என்பர்.

பட்டாசுத் தொழில் வட்டாரத்தில் இவ்வேறுபாடு மேலும் கூர்மை பெறுகிறது. அவையிலிருக்கும் பெண்கள் பலர் தீப்பெட்டியிலும் பட்டாசிலும் கூலி பெறுவோர். வெளியே சென்று உழைப்பதையும் வழிமறிப்போருக்கு விடை சொல்வதையும் அன்றாடம் அறிந்தோர். வள்ளி மடக்கிக் கேட்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து எழும் சிரிப்பை இதுவரை எந்த நாடகப் பதிப்பும் குறித்ததில்லை. மங்களம் பாடி முடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்த ஸ்திரீபார்ட் முக்காடிட்டு வேனில் ஏறுகிறார். சற்று நேரத்தில் அதே சாலையில் ஆலை வேன் வந்து நிற்கிறது.