தெளிவும் எதிர்பார்ப்பும்

ஒரு நிகழ்ச்சியை ‘நடந்தது’ என்பதற்கும் ‘நடந்திருக்க வேண்டும்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு காலத்தைப் பற்றியதன்று. கூறுவோன் தன் கூற்றுக்குக் கொண்டுள்ள ஆதாரத்தைப் பற்றியது. பள்ளி இலக்கணம் பெரும்பாலும் இதனைப் பொருட்படுத்துவதில்லை. முக்காலம் கூறியதோடு அது அமைந்துவிடுகின்றது. ‘வேண்டும்’ என்பதனையும் விருப்பம், கடப்பாடு என்னும் இரண்டிற்குள் அடக்கிவிடுகின்றது.

பழைய இலக்கணம் இத்துணைக் குறுகியதன்று. இயற்கையும் தெளிவும் பற்றி எதிர்கால வினை ஏனைக் காலச் சொற்களாலும் கூறப்படும் என்பது தொல்காப்பியர் கொள்கை. நன்னூலாரும் காலமயக்கத்திற்குரிய காரணங்களுள் தெளிவைச் சேர்த்தார். எறும்பு முட்டை கொண்டு மேடேறக் கண்டோர், மழை பெய்யுமுன்னரே ‘பெய்தது’ என்பர் என உரைகள் எடுத்துக்காட்டும். ஈண்டுத் தெளிவைத் தருவது காலமன்று, கண்ட அடையாளமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

வன்னியின் வழக்கிலும் இந்நுட்பம் உண்டு. இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ மாரிக்கால நீர்மட்டத்தைப் பார்த்து, ‘குளம் வான் பாயும்’ என்னும் கமக்காரன் கூற்று முடிபாகும். ‘வான் பாய வேணும்’ என்பது வேண்டுதலாகும். ஆயின் ‘வான் பாய்ஞ்சிருக்க வேணும்’ என்னுமிடத்து அதே சொல் வேண்டுதலாகாது, ஆதாரம் பற்றிய அனுமானமாகவும் நிற்கும்.

யப்பானிய மொழியில் இவ்வகைத் துணிவுக்கென்றே ‘ஹஸு’ என்னுஞ் சொல் உளது. அம்பின் அடியில் வில்நாண் பொருந்தும் பிளவே அதன் பழம்பொருள். நாண் பிளவிற் பொருந்துமாறு, அறிந்த ஆதாரத்தோடு முடிபு பொருந்தும்போது அச்சொல் வரும். ஆதாரமற்ற வெறும் விருப்பத்துக்கு அது வாராது. ‘ஹஸு தா’ என்பது துணிவைக் காட்ட, ‘ஹஸு தத்தா’ என்பது பெரும்பாலும் நிறைவேறாத எதிர்பார்ப்பைக் காட்டும். தமிழிலோ ‘வந்திருக்க வேண்டும்’ என்னும் ஒரே தொடர், ‘வந்தான் எனத் துணியலாம்’ என்றும், ‘வரவேண்டியவன் வரவில்லை’ என்றும் இருபொருள் படும். பொருளைத் துணிதற்குக் கூறுவோரின் ஆதாரத்தை வினவியே ஆகவேண்டும்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டம் தொடங்கினர். 2009 மே மாதத்தில் தம் பிள்ளைகளைப் படையினரிடம் தம் கையாலேயே ஒப்படைத்ததாகக் கூறும் தாய்மாரும் அவருள் அடங்குவர். ‘பிள்ளை இருக்க வேணும்’ என்னும் அவர் கூற்றைத் தாய்மனத்தின் ஆசை என்று இரங்கிக் கடந்து செல்வோர் உளர். அது பரிவுபோலத் தோன்றும் பிழைவாசிப்பு. ஒப்படைக்கப்பட்டவர் பொறுப்பேற்றவரிடம் இருத்தல் வேண்டும் என்பது கண்ட செயலிலிருந்து பெறப்பட்ட முடிபு. ஆதலின் அது மறுமொழிக்கு உரியது. விருப்பத்துக்கு ஆறுதல் போதும். அனுமானத்துக்கோ விடை வேண்டும்.

2016இல் திருத்தப்பட்ட இறப்புப் பதிவுச் சட்டம், இறப்புச் சான்றிதழுக்கு மாறாக, ஒருவர் காணக்கிடைக்கவில்லை எனச் சான்றிதழ் பெற வழிவகுத்தது. உளர், இலர் என்னும் இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைச் சட்டம் அன்றே ஏற்றது. ‘இருக்க வேண்டும்’ என்னும் தொடரில் அந்நிலை முன்னமே இடம்பெற்றிருந்தது. அதனை விருப்பம் என்று மட்டும் கற்பிக்கும் இலக்கணம், ஆதாரத்தோடு பேசுவோரை ஆதாரமற்றோராக்கிவிடும். தொல்காப்பியர் கண்ட தெளிவு மீண்டும் பாடநூலில் இடம்பெறுதல் இதன்பொருட்டே இன்றியமையாததாகின்றது.