கருவிக்குப் போன பெயர்

மதுரையில் கண் மருத்துவம் மாறிய கதை இப்போதெல்லாம் ஒரு கருவியில் தொடங்கி இன்னொரு கருவியில் முடிகிறது. தொடக்கத்தில் விலை மலிந்த லென்ஸ். முடிவில் விழித்திரைப் படத்தைப் பார்த்து நோய் சொல்லும் செயற்கை நுண்ணறிவு. அரவிந்த் கண் மருத்துவமனையை ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1993-இல் பாடமாக்கியது. 2008-இல் கேட்ஸ் விருதும் 2010-இல் ஹில்டன் விருதும் அதற்கு வந்தன. அந்தப் பெருமையில் குறை சொல்ல ஏதுமில்லை. அதைச் சுற்றி வளர்ந்த பேச்சில்தான் பிழை ஊறிப்போயிருக்கிறது. தொழில்நுட்பம் வந்தது, சிகிச்சை மலிந்தது, பள்ளிக்கூடமும் வங்கியும் பொது மருத்துவமும் இதே வழியில் மலிந்துவிடும் என்பது அந்தப் பேச்சு. மதுரையில் நடந்தது அதுவல்ல.

அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். நடுவண் அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டு அறுவை செய்யப் பழகியவர் அவர். மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் ஒழுங்கைக் கண்டு வியந்து, கண் அறுவையையும் அப்படி ஒழுங்குபடுத்த முடியுமா என்று அவர் யோசித்தது பலரும் அறிந்த செய்தி. அந்த உணவகத்தில் அவர் கண்டது அடுப்பின் புதுமையை அல்ல. வேலை பிரிக்கப்பட்டிருந்த விதத்தைத்தான் அவர் கவனித்தார்.

லென்ஸின் பங்கை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் ஏழை நோயாளிக்குக் கிடைத்தது, புரையை எடுத்தபின் மாட்டிவிடும் சோடாபுட்டிக் கண்ணாடி. வரப்பில் தடுக்கி விழுந்து அது உடைந்தால் பார்வையும் அதோடு போனது. கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் அன்று இறக்குமதிச் சரக்கு. ஒன்று ஏறத்தாழ 100 டாலர். 1992-இல் மதுரையில் தொடங்கிய, அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் அதை 10 டாலர் அளவுக்கும், பிறகு அதற்கும் கீழேயும் கொண்டுவந்தது. தரத்திலும் குறையில்லை. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் தொற்று ஏற்படும் விகிதம் அரவிந்தில் மிகக் குறைவு. 2017-இல் வந்த ஓர் ஆய்வு, இங்கே நடக்கும் அறுவையின் கரிம வெளியீடு பிரிட்டனில் நடக்கும் அதே அறுவையின் வெளியீட்டில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் என்று கண்டது.

ஆனால் லென்ஸ் தானாகக் கண்ணுக்குள் போய் உட்கார்வதில்லை. அறுவை அரங்கில் மருத்துவர் ஒருவருக்கு நுண்ணோக்கி ஒன்று, மேசை இரண்டு. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளி படுத்திருப்பார். கண் கழுவி, துணி மூடி, கருவித் தட்டும் விரித்து வைத்திருக்கும். முதல் கண் முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். முடிந்தவருக்குக் கட்டுப் போட்டுக் கைத்தாங்கலாக நடத்திப் போவதும், கருவிகளை நீராவியில் தொற்று நீக்கித் திரும்பக் கொண்டுவருவதும், அடுத்தவரைப் பேர் சொல்லி அழைத்துப் படுக்க வைப்பதும் வேறு கைகளின் வேலை. இந்தியக் கண் மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு 400 அறுவை செய்தால் இங்கே 2000 என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. நுண்ணோக்கியும் கத்தியும் மற்ற மருத்துவமனைகளிலும் உண்டு. அந்த 400-க்கும் 2000-க்கும் இடையிலுள்ள 1600, மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தவர்களின் உழைப்பு.

அவர்கள் யார்? உசிலம்பட்டி, மேலூர், பேரையூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்து சேரும் பெண்கள். மருத்துவமனையின் ஏட்டில் இடைநிலைக் கண் மருத்துவப் பணியாளர். நோயாளிகளின் வாயில் 'சிஸ்டர்'. மொத்தப் பணியாளரில் பெரும்பகுதி இவர்களே. சில மாதம் பொதுப்பாடம் படித்தபின் ஒவ்வொருவரும் ஒரு துறைக்குப் பிரிகிறார்கள். ஒருத்தி கண்ணாடிக்கான பார்வை அளப்பாள். ஒருத்தி அரங்கில் நிற்பாள். இன்னொருத்தி, அறுவைக்குப் பயப்படும் பாட்டியிடம் உட்கார்ந்து பேசி மனத்தைத் தேற்றுவாள். பயிற்சி இரண்டு ஆண்டு. விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண் மாதச் சம்பளத்தோடும் ஊர் மரியாதையோடும் நிற்பது சிறிய காரியமல்ல. மில் வேலைக்கும் பட்டாசு வேலைக்கும் போயிருக்கக்கூடிய பெண்களுக்கு இந்த முறை வேறொரு கதவைத் திறந்தது.

குறையும் இங்கேதான் இருக்கிறது. எந்தப் பிரிவினை அறுவையை மலிவாக்கியதோ அதுவே இவர்களின் திறமையைக் குறுக்கியும் வைக்கிறது. மருத்துவரின் படிப்பு அவர் எங்கே போனாலும் கூடவே போகும். ஒரே அரங்கின் ஒழுங்குக்கு ஏற்ப வார்க்கப்பட்ட கையின் தேர்ச்சிக்கோ அந்த ஒழுங்குக்கு வெளியே விலை குறைவு. நாள் முழுக்கப் பார்வை அளந்து, கண்ணைப் பார்த்ததும் புரையின் முதிர்ச்சியைச் சொல்லும் அளவுக்குத் தேர்ந்த பெண், கல்யாணமாகி வேறு ஊர் போனால் அங்கே அவளை என்னவென்று அழைப்பது? செவிலியர் அல்ல, பட்டம் பெற்ற பார்வை அளவியலாளரும் அல்ல. கல்யாணத்தோடு வேலையை விட்டுப் போகிறவர்கள் பலர்; அவர்கள் இடத்தை அடுத்த அணி நிரப்புகிறது. மேலாண்மைப் பாடங்கள் இதைச் சிக்கலாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆள் மாறினாலும் முறை மாறாது என்பதை அவை முறையின் வலிமையாகவே எழுதுகின்றன. முறையின் பக்கம் நின்று பார்த்தால் அது வலிமைதான். எட்டு ஆண்டு உழைத்த பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் அவளுடைய எட்டு ஆண்டுக்குக் கணக்கே இல்லை என்றுதான் அதற்குப் பொருள்.

2004-க்குப் பிறகு தேனி வட்டாரத்தில் தொடங்கிப் பரவிய பார்வை மையங்கள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. நெடுந்தூர வைஃபை வழியாகச் சிற்றூர் மையங்களைத் தலைமை மருத்துவமனையோடு இணைத்த அந்தப் பணியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பொறியாளர்களும் இருந்தார்கள். அப்போது எழுதப்பட்டவை எல்லாம் கோபுரத்தையும் அலைவரிசையையும் பற்றியவை. மையத்துக்குள் நடப்பதோ இது: களத்து மேட்டிலிருந்து நேரே வந்த அம்மாவைப் பணிப்பெண் பிளவு விளக்கின் முன் உட்கார வைத்து, மோவாயைத் தாங்கியில் பொருத்தி, நடுங்கும் இமையை ஒரு விரலால் தூக்கிப் பிடிக்கிறாள். கண்டதைக் கணினியில் பதிகிறாள். திரையில் வரும் மருத்துவர் சில நிமிடம் பேசி முடிவைச் சொல்கிறார். அவர் பார்ப்பது அவள் பார்த்ததை. அவள் கவனிக்காமல் விட்டதை அவர் அங்கிருந்து காண்பதற்கு வழியில்லை. ஆயினும் இதற்குத் தொலைமருத்துவம் என்று பெயர் வைத்து, அருகில் இருப்பவளை விட்டுவிட்டுத் தொலைவைக் கொண்டாடுகிறார்கள்.

கடைசியாக வந்தது செயற்கை நுண்ணறிவு. நீரிழிவால் வரும் விழித்திரை நோயைப் படத்திலிருந்து கண்டறியும் கூகுள் நிரல் பற்றிய கட்டுரை 2016-இல் வெளியானது. அதற்குப் படம் கொடுத்த இந்திய மருத்துவமனைகளில் அரவிந்தும் ஒன்று. 2019-இல் மதுரையில் அது உண்மையான நோயாளிகளிடம் பயன்பாட்டுக்கு வந்ததாக அறிவித்தார்கள். கண் மருத்துவர் பற்றாக்குறைக்கு இதுவே விடை என்பது இன்றைய வாதம். அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் நடந்து 2019-இல் வெளியான சோதனையில், நிரலோடு ஒப்பிடப்பட்டவர்களில் விழித்திரை நிபுணரும் இருந்தார், படங்களைத் தரம் பிரிக்கப் பயிற்சி பெற்ற பணியாளரும் இருந்தார். இருவருக்கும் குறையாமல் நிரல் தேறியது. முதலில் வேலை குறையப்போவது நிபுணருக்கு அல்ல என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அப்படித் தேறிய நிரலும் யாரோ ஒருவரின் கையை நம்பியே இருக்கிறது. தாய்லாந்தின் 11 மருத்துவ மையங்களில் இதே வகை நிரலைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. செவிலியர் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தரமில்லை என்று நிரல் தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லாதது ஒரு முக்கியக் காரணம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, கண்மணி விரியும்வரை பொறுத்திருந்து, ஆடாமல் பார்க்கும்படி முதியவரைப் பேசிப் பழக்குகிற பெண் இல்லையென்றால் நிரலுக்குப் படிக்க எதுவுமில்லை.

இயந்திரம் வந்தால் பணிப்பெண்கள் சலிப்பான வேலையிலிருந்து விடுபட்டு மேலே வருவார்கள் என்பது இன்னொரு வாதம். இதுவரை நடந்ததில் அதற்குச் சான்று குறைவு. லென்ஸ் மலிந்தபோது அறுவைகள் கூடின. பார்வை மையம் வந்தபோது பொறுப்பு கூடியது. அந்தக் கூடுதல் பொறுப்புக்கு ஏற்ப வெளியுலகம் மதிக்கும் தகுதி எந்தக் கட்டத்திலும் தானாக வந்து சேரவில்லை. இந்த முறையை வேறு ஊர்களில் நகலெடுக்க வருபவர்கள் மேசையின் அமைப்பையும் நேரக் கணக்கையும் குறித்துக்கொண்டு போகிறார்கள். பணிப்பெண்ணின் அடுத்த பத்து ஆண்டைப் பற்றிய கேள்வி அந்தக் குறிப்பேட்டில் இல்லை.

அதற்கு வெளியிலிருந்துதான் ஒரு வழி வந்திருக்கிறது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம், குறைந்தது 2000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் படித்துப் பெறும் பட்டயத்தை அல்லது பட்டத்தை இத்தகைய பணிக்கான தகுதியாக வரையறுக்கிறது; மாநிலந்தோறும் பதிவேடு வைக்கச் சொல்கிறது. அதன் பட்டியலில் கண் மருத்துவ உதவியாளருக்கும் இடமுண்டு. பேரையூரிலிருந்து வந்து பயிற்சி முடித்த ஒருத்தி அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டால், கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனாலும் அங்குள்ள கண் மருத்துவமனையில் அவளைப் புதிதாக வந்தவள் என்று எழுத முடியாது.