பாஸ்கா என்னும் சொல்லும் அதற்குரியவர்களும்

தவக்காலம் முடியும் தறுவாயில், தமிழகத்துக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் யேசுவின் பாடுகளைச் சித்தரித்து இரவு முழுதும் நடைபெறும் பாஸ்கா நாடகத்தில், நீண்ட தாடியும் ஜரிகை அங்கியும் தரித்த யூதக் குருக்கள் மேடையேறிக் குரலை உயர்த்தியவுடனே, பாயில் உறங்கிக் கிடந்த சிறுவர் எழுந்து உட்காருவதும், மூதாட்டிகள் அக்குருக்களை வாய்விட்டுச் சபிப்பதும் உண்டு. ஆனால் அந்நாடகத்தின் பெயரே யூதர்களுடையது. எகிப்தின் அடிமைத்தனத்தினின்று தம் முன்னோர் விடுபட்ட இரவை அவர்கள் கொண்டாடும் 'பெசாக்' என்னும் எபிரேயச் சொல்லே, கிரேக்கத்தின் வழியாகப் 'பாஸ்கா'வாகி நம் மேடைவரை வந்திருக்கிறது. பெயரைத் தந்தவர்களையே பகைவராக நிறுத்தும் இம்முரண்பாட்டைத் தீர்க்க, யூதரும் கிறிஸ்தவரும் தம் பொது வேதத்தை ஒருங்கே அமர்ந்து ஆராயும் வழக்கம் எவ்வளவு துணைசெய்யும், எங்கே தவறும்?

இவ்வழக்கத்தின் பெருமையைக் குறைத்துக் கூற மாட்டேன். மனைவியையும் மகளையும் நாஜிகளுக்குப் பறிகொடுத்த பிரெஞ்சு சரித்திராசிரியர் ஜூல் ஐசக், அத்துயரத்தினிடையே சுவிசேஷங்களை ஆராய்ந்து, யூத குலத்தை இகழும்படி கிறிஸ்தவ உலகம் நெடுங்காலம் போதித்து வந்ததற்கு அவற்றில் ஆதாரமில்லையென வாதித்து, 1960-இல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பரைச் சந்தித்து முறையிட்டார். 1965 அக்டோபர் 28-ஆம் நாள் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பிரகடனம், யேசுவின் பாடுகளுக்கான பழியை அக்காலத்து யூதர் அனைவர்மீதும், இக்காலத்து யூதர்மீதும் சுமத்தலாகாதென அறிவித்தது. கிறிஸ்தவரின் வேதத்தைக் கிறிஸ்தவருக்கே ஒரு யூதர் படித்துக் காட்டியதில் விளைந்த நன்மை இது.

ஆயினும் இத்தகைய கூட்டுப்படிப்பு, ஆபிரகாமையும் சங்கீதங்களையும் பொதுச்சொத்தென்று பாராட்டிவிட்டு, அபிப்பிராய பேதம் தலைகாட்டும் இடத்தில் பேச்சை மாற்றிவிடும் பழக்கத்துக்கு எளிதில் ஆளாகிறது. பெரிய வெள்ளியன்று கோவிலில் வாசிக்கப்படும் எசாயாவின் துன்புறும் ஊழியனை எடுத்துக்கொள்வோம். நமக்கு அவன் யேசு. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத வியாக்கியானி ராஷிக்கோ, அடிபட்டும் வாய் திறவாத அவ்வூழியன் இஸ்ரயேல் ஜனமே. இவ்விரண்டையும் சமரசம் செய்ய முயல்வது வீண். ஆனால் ராஷியின் உரையையும் காதில் வாங்கிக்கொண்டு அப்பகுதியைக் கேட்டவர், அன்றிரவே யூதரைச் சபிக்க நா எழாமல் தவிப்பார் என்பது என் உறுதி.

பெரிய வியாழனன்று சில ஆலயங்களில் கிறிஸ்தவரே யூதரின் பாஸ்கா விருந்தை நடத்திப் பார்ப்பதும் எனக்கு உடன்பாடன்று. இன்று யூத இல்லங்களில் வழங்கும் அம்முறை, பெரும்பாலும் கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் ரபிகளால் உருப்பெற்றது. அதையே யேசுவின் இராப்போஜனமென்று காட்டுவது சரித்திரப் பிழையாவதோடு, உயிரோடுள்ள ஒரு சமூகத்தின் வழிபாட்டை நம் காட்சிப்பொருளாக்குவதும் ஆகும்.

தவளக்குப்பத்திலிருந்து எழுதும் எனக்கு மற்றொரு குறையே பெரிதாகத் தெரிகிறது. உடனமர்ந்து படிக்க இங்கே யூதர் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. ஆனால் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1948-க்குப் பின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். எதிரில் ஆளில்லாதபோது, யூதர் நமக்குப் பழைய ஏட்டின் பாத்திரமாகவே சுருங்கிவிடுகிறார். ஆள் வராவிடினும் அவர் உரையை வரவழைக்கலாம். ராஷியின் வியாக்கியானத்தைத் தமிழாக்கி ஞானோபதேச வகுப்பில் வைக்கலாம். மேடையிலும் ஒன்று செய்யலாம். யேசுவும் இராயப்பரும் மற்றச் சீடரும் வெள்ளை அங்கியில் வர, 'யூதர்' என்று பெயர் பெற்றவர் மட்டும் ஜரிகையும் கறுப்புத் துணியுமாக ஏன் வரவேண்டும்? அத்தனை பேரும் யூதரே. அடுத்த பாஸ்காவுக்கு அத்தனை பேருக்கும் ஒரே துணியில் அங்கி தைக்கட்டும்.