அரிப்பு டொரிக் மாளிகை: ஒரு மதிப்பீடு

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பழங்கட்டடம் யாதென வினவின், தீவக மாணவர் நெடுந்தீவுக் கோட்டையையே சுட்டுவர். முருகைக்கல்லையும் சுண்ணாம்பையுங் கண்டு வளர்ந்தார்க்கு அஃது இயல்பே. ஆயின் மன்னாருக்குத் தெற்கே, அரிப்புக் கடலோரத்தில் இடிந்து நிற்கும் செங்கல் மாளிகையொன்றும் நம் ஆராய்ச்சிக்கு உரியதாகும்.

இலங்கையின் முதல் ஆங்கிலேயத் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்பொருட்டு 1801 முதல் 1804 வரையுள்ள காலத்தில் இதனை எழுப்பினார். கிரேக்கரின் கட்டடமுறை மூன்றனுள் மிக எளியதாகிய டொரிக் முறையைத் தழுவியமையால் அப்பெயர் பெற்றது. நோர்த் கிரேக்கப் பண்பாட்டிற் பெருங்காதல் உடையவர். 1824 இல் கோர்பு தீவிற் கல்விக்கழகம் நிறுவியவரும் அவரே. 1807 இல் இலங்கையைப் பற்றி நூலெழுதிய யேம்ஸ் கோடினர் இம்மாளிகையின் அழகைப் பெரிதும் பாராட்டினார். அப்பாராட்டு எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இம்மாளிகை பொய்மை உடையது என வாதிடல் எளிது. கிரேக்கர் கல்லாற் செய்த தூணை இவர்கள் செங்கல்லால் அடுக்கி, மேலே சாந்து பூசிக் கல்போலத் தோன்றச் செய்தனர். இங்கிலாந்தில் 1611 இல் முடிவுற்ற ஹட்பீல்ட் மாளிகையோ தன் செங்கல்லைச் சிவப்பாகவே வெளிக்காட்டி நிற்கின்றது. தன் பொருளை மறையாமையே கட்டடத்தின் அறம் எனக் கொள்வார்க்கு ஹட்பீல்ட் மெய், அரிப்பு பொய்.

யாம் இவ்வாதத்தை ஏற்கிலேம். உப்புக் காற்று ஓயாது வீசுங் கரையிற் செங்கல்லை வெறிதே விட்டால் அது பொரிந்து உதிரும். நம் வீட்டுச் சுவருக்கு நாம் சுண்ணாம்பு பூசுவதும் இதனாலன்றோ? அன்றியும், பளிங்குபோல மின்னிய அச்சாந்து சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பாற் செய்யப்பட்டது. முத்துக்குளிப்பாரை மேற்பார்க்க எழுந்த மாளிகைக்கு அக்கடலின் சிப்பியே தோலாயிற்று. வடிவம் கிரேக்கருடையதாயினும், பூச்சும் அதனைப் பூசிய கைத்திறனும் இந்நாட்டின. கோடினர் வியந்த வெண்மையிற் பெரும்பங்கு கொத்தரைச் சாரும். புகழோ தேசாதிபதியையே சார்ந்தது.

உண்மைக் குறை வேறு. மனை கோலுமுன் நிலத்தின் தன்மையை ஆராய்க என்பது நம் மனைநூலாரின் முதல் விதி. நோர்த்தோ தோணிகள் செல்வதையும் மீள்வதையும் மாடத்திலிருந்து காணும் பொருட்டு, கடலை நோக்கிய உறுதியற்ற மேட்டின் விளிம்பைத் தெரிந்தார். முத்துப் பருவத்துச் சில வாரங்களுக்கே வேண்டிய வீடாகலின், நெடுநாள் நிற்குமோ என்பது அவருக்குக் கவலையாகவில்லை போலும். கடல் மேட்டைத் தின்னத் தின்னச் சுவர்கள் சரிந்தன. சாந்து நீங்கச் செங்கல் வெளிப்பட்டது. ஊரின் பெயரும் அரிப்பு; மாளிகைக்கு நேர்ந்ததும் அரிப்பு.

அவ்வட்டார மக்கள் இவ்விடிபாட்டை அல்லிராணியோடு இணைத்துப் பேசுவர். என் மாணவன் ஒருவன் அவ்வாறே விடை எழுதியபோது சிவப்பு மையாற் கோடிட்டேன். வரலாற்றின்படி அக்கோடு சரியே. எனினும் பின்னர் எண்ணிப் பார்க்கையில், முத்துவளம் எமக்குரியது என்னும் நினைவையே மக்கள் அக்கதையிற் காத்துவருகின்றனர் எனத் தோன்றிற்று, அந்நினைவு பிழையன்று.

அந்நியன் கட்டியதாதலின் அழியட்டும் என விடுவது தகாது. எஞ்சிய சுவர்களை அளந்து, தூண்களை வரைந்து, ஒளிப்படம் எடுத்துப் பதிந்துவைத்தல் நம் கல்லூரி மாணவர் ஓர் விடுமுறையிற் செய்யக்கூடிய பணி. கடல் எத்தனை ஆண்டு தவணை தரும் என்பது எவர்க்குந் தெரியாது. ஆதலின் அப்பணியைத் தாழ்த்தல் ஆகாது.