கயிறு பேசும் குளம்

நீட்டிய கை முழங்கையோடு முடிந்துபோயிற்று. அதற்கு அப்பாலும் விரல்கள் இருக்கின்றன என்பதைக் கையுறையில் உரசிய கயிறுதான் சொல்லிற்று. சுற்றிலும் பச்சை. வெகுநாளாக யாரும் இறங்காத தெப்பக்குளத்துப் பச்சை. தலைகீழாக இறங்கிக்கொண்டிருக்கிறேனா, ஒரே இடத்தில் காலை உதைத்துக்கொண்டிருக்கிறேனா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. ஆறாவது மீட்டரில் பயந்து திரும்பிவிட்டேன். அந்தமானில் ஒரே மூச்சில் 25 மீட்டர் போய்வந்தவன் நான்.

வேலை மாற்றலில் பிரிஸ்டலுக்குக் குடிவந்த முதல் ஏப்ரல் அது. சாமர்செட்டில் மெண்டிப் குன்றுகளுக்கு நடுவே வோப்ஸ்டர் கீ என்றொரு இடம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட குவாரி. நீர் நிறைந்து குளமாகி, இப்போது முக்குளிப்பவர்கள் பழகும் இடம். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட குவாரிகள் பல உண்டு. லெஸ்டர்ஷரில் ஸ்டோனி கோவ், லங்காஷரில் கேப்பர்ன்ரே. கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் இவை அசையாமல் கிடக்கும் என்பதால், மூச்சை அடக்கி ஆழம் போகிறவர்களில் பலருக்கு இங்கே கடலைவிடக் குவாரிதான் பழக்கம்.

அந்தமானில் ஸ்வராஜ் தீவுக் கடலில் நீர் 28 டிகிரி. மெல்லிய வெட்சூட்டே அதிகம். மிதவைக்கு அடியில் முகத்தைப் பதித்தால் கயிறு வெள்ளைக் கோடாகக் கீழே போய்க்கொண்டே இருக்கும். போகிற வழியெல்லாம் கிளிமீன், பவளம், சாய்ந்து விழும் வெயில். அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இறங்கியதில், இறங்குவது என்ற வேலையை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. மேடை அலங்காரத்தை வாய்பிளந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து கச்சேரி பிரமாதம் என்கிறவனைப் போல.

குவாரியில் எனக்குத் துணையாகக் கிடைத்தவர் மன்னாரில் பிறந்து சிறுவயதிலேயே லண்டன் வந்து சேர்ந்த ஒரு தமிழர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். முதல்நாள் நான் பயந்து மேலே வந்ததும் அவர் சிரிக்கவில்லை. “தம்பி, உம்மட கண்ணுக்கு இஞ்ச வேலை இல்லை. அதை வீட்டிலை விட்டிட்டு வாரும். கயித்தைப் பிடியும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

குளிர்நீரில் முதல் நிமிடம் நம் வசத்தில் இருப்பதில்லை. 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீர் திடீரென்று தோலில் பட்டால் நெஞ்சு தானாக விம்மி மூச்சை இழுக்கும், பிறகு மூச்சு தாறுமாறாக ஓடும், இதயம் தடதடக்கும். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் போன்றவர்கள் இந்தக் குளிரதிர்ச்சியைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை குளிர்நீரில் இறங்கிப் பழகினாலே இந்த அதிர்ச்சி பாதியளவுக்குத் தணிந்துவிடும். அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும் என்பது அவர்கள் கண்டது.

அதே குளிருக்கு இன்னொரு முகமும் உண்டு. முகத்தில் குளிர்நீர் பட்டு மூச்சும் அடங்கினால் இதயம் மெதுவாகத் துடிக்கும். கைகால்களின் ரத்தம் உள்ளே திரும்பும். மண்ணீரல் சுருங்கித் தன் சேமிப்பிலிருந்து சிவப்பணுக்களை வெளியே விடும். சீல்களுக்கும் திமிங்கலங்களுக்கும் உள்ள அதே அனிச்சைச் செயல். நீர் குளிரக் குளிர அது வலுக்கும். ஆக, ஒரே குளிர் ஒரு கையால் இதயத்தை விரட்டுகிறது, மறு கையால் தட்டிக்கொடுக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க வைத்தால் இதயம் தாளம் தவறக்கூடும். அதனால்தான் அனுபவசாலிகள் நீரில் குதிப்பதில்லை. கழுத்துவரை இறங்கிச் சும்மா நிற்பார்கள். படபடப்பு ஓயும்வரை ஊர்க்கதை பேசுவார்கள். பிறகுதான் முகத்தை நீரில் வைப்பார்கள். அண்ணை அந்த நேரத்தில் மீன்குழம்பு வைக்கும் முறைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். மூச்சு சீராக வந்துவிட்டதா என்று என் பதில்களின் நீளத்தை வைத்து அளக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உடுப்பிலேயே கலை தொடங்கிவிடுகிறது. குளிர்நீருக்கான வெட்சூட்டின் உட்புறம் துணியில்லாத, பச்சையான நியோப்ரீன். தோலோடு தோலாக ஒட்டி, இடையில் நீர் புக இடம் விடாது. காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கொண்டுபோவது நீர். ஆகவே அந்த ஒட்டுதலுக்குத்தான் விலை. வறண்ட உடம்பில் இழுத்தால் கிழிந்துவிடும். வெந்நீரில் சோப்புக் கரைசல் கலந்து உள்ளே ஊற்றிக் குலுக்கி, வாகனம் நிறுத்துமிடத்தில் நடுங்கிக்கொண்டே அதற்குள் வழுக்கிப் போக வேண்டும். பழகியவர் உடுத்துவதைப் பார்ப்பதே ஓர் அழகு. இழுப்பது கிடையாது, உள்ளங்கையால் நீவி நீவி ஏற்றுவார்கள்.

அடுத்தது உடம்பில் கட்டும் ஈய எடை. நியோப்ரீன் முழுக்கக் காற்றுக்குமிழிகள். மேலே அது நம்மைத் தக்கையாக மிதக்கவைக்கும். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகும்போது குமிழிகள் பாதியாகச் சுருங்கும். மிதப்பும் போகும், கதகதப்பும் போகும். தடித்த உடுப்பில் இந்த மாற்றம் மிகப் பெரிது. போதாக்குறைக்கு, நன்னீர் கடல்நீரைவிட இரண்டரை சதவீதம் இலேசு. அந்தமான் கணக்கு இங்கே செல்லாது. இடுப்பில் எத்தனை கிலோ, கழுத்தில் எத்தனை கிலோ என்று அரைக்கிலோ அரைக்கிலோவாக மாற்றிப் பார்த்து, எந்த ஆழத்தில் உடம்பு மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கிறதோ அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். வீணையில் மெழுகுச் சட்டத்தில் மேளம் கட்டுகிறவர் படும் பாடு.

அந்தப் புள்ளியைத் தாண்டினால் கால் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு உதைக்கத் தேவையில்லை. நீர் தானாகக் கீழே வாங்கிக்கொள்ளும். தெளிந்த கடலில் இந்த வீழ்ச்சியைப் பறப்பது என்பார்கள். கலங்கிய நீரில் பறப்பதற்கு வானம் இல்லை. கன்னத்தில் வழியும் நீர், கயிற்றின் மீது வளையமாக மூடிய விரல்கள், காது. இந்த மூன்றும்தான் வேகத்தைச் சொல்லும். அதிலும் காதுதான் தாளம் போடுகிறது. மூக்கைப் பிடித்து நாக்கால் காற்றைத் தள்ளிக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்யும் ஃப்ரென்சல் முறையில், மேற்பகுதியில் மீட்டருக்கு ஒருமுறையாவது தட்ட வேண்டியிருக்கும். ஆழம் கூடக்கூட அந்த இடைவெளி நீளும். துரிதத்தில் தொடங்கி விளம்பத்துக்குப் போகும் ஒரு கச்சேரி. இத்தனை வருடம் என் காதுக்குள் நடந்த அதைக் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

ஜூலையில் அதே குளம் வேறொன்றாகிவிடும். வெயிலில் சூடான மேல்நீர் இலேசாகி மேலேயே தங்கும். குளிர்காலத்துக் குளிரைக் கீழ்நீர் பத்திரமாக வைத்திருக்கும். இரண்டும் கலப்பதில்லை. நடுவில் ஓரிரு மீட்டர் தடிமனில் ஓர் எல்லை, தெர்மோக்ளைன் என்பார்கள். தலையுறையும் உடுப்பும் மூடிவிட்டபடியால் முதலில் அது உதட்டில்தான் தெரியும். பனிக்கட்டித் தகடு ஒன்றை வாயில் வைத்ததுபோல. பிறகு கழுத்து, மணிக்கட்டு என்று ஒரு வளையம் உடம்பின் மேல் நழுவி இறங்கும். அந்த எல்லையைக் கடந்ததும் பல நாட்களில் ஓர் அதிசயம் காத்திருக்கும். நீரைப் பச்சையாக்கும் நுண்பாசி வெளிச்சமும் வெதுவெதுப்பும் உள்ள மேல் அடுக்கில்தான் பெருகுகிறது. ஆகவே எல்லைக்குக் கீழே நீர் படிகம். ஆனால் மேலேயுள்ள பச்சைக் கூரை வெளிச்சத்தைக் குடித்துவிட்டிருக்கும். தெளிந்த இருட்டு. டார்ச்சை அடித்தால் ஒளி எந்தத் துகளிலும் இடறாமல் தூரத்துப் பாறைச்சுவர்வரை போய்த் தொடும். இப்படி ஒரு நிலை உண்டு என்று வெப்பக்கடல் எனக்குச் சொன்னதே இல்லை.

இந்த நாட்டில் தெளிவுக்குக் குளிர்தான் விலை. ஜனவரியில் நீர் முழுதும் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கி, பாசி அடங்கியபின், குவாரி கண்ணாடியாகும். கார்ன்வால் கடலிலோ வசந்தம் வந்ததும் நுண்பாசி பூத்துப் பெருகி, மே மாதத்தில் நீர் நீராகாரம்போலக் கலங்கும். ஸ்காட்லாந்தின் ஏரிகள் சில கரிமண் ஊறித் தேநீர் நிறத்தில் இருக்கும். அங்கே நீலமும் பச்சையும் முதலில் உறிஞ்சப்பட்டு, ஆழத்தில் எஞ்சுவது செம்பழுப்பு வெளிச்சம். வெப்பக்கடலில் முதலில் நம்மைவிட்டுப் போகும் நிறம் சிவப்பு. இங்கே கடைசிவரை கூடவே வருகிறது. கலங்கல் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்ட நீருக்குள் இத்தனை சாயல்கள்.

குளிரோடு பழகும் உடம்பின் கலையில் உச்சம் தொட்டவர்கள் பெண்கள் என்றே நினைக்கிறேன். பின்லாந்தின் யோஹன்னா நோர்ட்ப்ளாட், 2010இல் கால் எலும்பு நொறுங்கி, வலிக்குச் சிகிச்சையாகக் குளிர்நீரில் காலை வைக்கத் தொடங்கியவர். 2021இல் உறைந்த ஏரியின் பனித்தட்டுக்கு அடியில், வெறும் நீச்சலுடையில் ஒரே மூச்சில் 103 மீட்டர் நீந்தினார். அவருக்கும் முன்னோடிகள் கொரியாவின் ஜேஜு தீவில் கடல்படு பொருள் எடுக்கும் ஹேன்யோப் பெண்கள். பருத்தி உடுப்போடு குளிர்காலக் கடலில் இறங்கியவர்கள். மேலே வந்ததும் அவர்கள் விடும் மூச்சு சீழ்க்கையாக ஒலிக்கும். அதற்குச் சும்பிசோரி என்று பெயர். 1960களில் அவர்களை ஆராய்ந்த உடலியலாளர்கள் சுக் கி ஹாங்கும் ஹெர்மன் ரானும், குளிர்காலத்தில் அவர்களுடைய உடம்பின் அடிப்படை எரிப்பே கூடிவிடுவதைக் கண்டார்கள். 1970களில் வெட்சூட் வந்தது. சில ஆண்டுகளில் அந்த உடல்மாற்றம் மறைந்துபோனது. உடம்பு கற்றுக்கொள்ளும், தேவையில்லை என்றால் மறந்தும்விடும்.

ஆழம் போகிறவனுக்குக் கலங்கிய நீரில் கயிறு வெறும் வழிகாட்டி அல்ல, வாசிக்க வேண்டிய ஓலை. மணிக்கட்டிலிருந்து ஒரு சிறு வார் கொக்கி போட்டு அதில் ஓடும். கயிற்றின் அடியில் இலக்காகத் தொங்கும் தட்டுக்குச் சற்று மேலே ஒரு டென்னிஸ் பந்தைக் கோத்திருப்பார்கள். தட்டைக் கண் பார்ப்பதற்கு முன் பந்தைக் கை பார்த்துவிடும். மேலே மிதவையைப் பிடித்திருக்கும் துணைவரும் கயிற்றில் இரண்டு விரலை வைத்திருப்பார். இறங்குகிறவர் தெரியமாட்டார், அதிர்வு தெரியும். சீரான சிறு நடுக்கம் என்றால் வீழ்ச்சி. ஒரு தட்டல் என்றால் பந்து. பிறகு நீண்ட இழுப்புகள் என்றால் ஏறிவருகிறார். அந்தக் கணக்கில்தான் துணைவர் தானும் மூச்சடக்கி, பாதிவழிக்கு எதிர்கொண்டு இறங்குவார். மயக்கம் வந்தால் பெரும்பாலும் மேற்பரப்பை நெருங்கும்போதும் மேலே வந்த உடனேயும்தான் வரும். அதனால் தனியாக இறங்குவது என்பது இந்தக் கலையில் கிடையாது.

ஒரு மாலை ஃபிளாஸ்க் தேநீரோடு அண்ணையிடம் முத்துக்குளிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிப் படுகைக்குப் பெயரே பார். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்கிய அந்தக் குளியாட்களுக்கு முகக்கண்ணாடி கிடையாது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு எவ்வளவு தெளிந்த கடலும் மங்கல்தான். பாரைப் பார்க்காமல் கையால் தடவித்தான் சிப்பி அள்ளினார்கள். நான் அந்நிய நாட்டுத் தண்டனை என்று நினைத்த ஒன்று, எங்கள் கடலின் பழைய வழக்கமாக இருந்திருக்கிறது.

“கயித்தை ஆர் பிடிக்கிறது தெரியுமோ?” என்றார் அண்ணை. தெரியும், தூத்துக்குடியிலும் அப்படித்தான் சொல்வார்கள். மேலே தோணியில் கயிறு பிடிப்பவன் மச்சான். “தங்கச்சியின்ரை தாலிக்கு அவன்தானே காவல். கை நழுவ விடுவானோ?” என்று சொல்லி மிச்சத் தேநீரைத் தரையில் கொட்டினார்.

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு. நீர் 6 டிகிரி. முறை அவருடையது. நான் மிதவையில் கிடந்தபடி கயிற்றில் இரண்டு விரலை வைத்திருந்தேன். கரையில் பனி உறைந்திருந்தது. நடுக்கம் வந்தது, நீண்டது, தட்டல் வந்தது. பிறகு ஒரு கணம் எதுவும் இல்லை. அந்தக் கணத்தில் என் கவனம் முழுவதும் அந்த இரண்டு விரல்நுனிக்குள் போய்விட்டது. பிறகு முதல் இழுப்பு. நான் மூச்சை அடக்கி இறங்கினேன். பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே முதலில் ஒரு கை, பிறகு ஒரு முகம்.

மேலே வந்தவர் பதினைந்து வினாடிக்குள் மாஸ்க்கைக் கழற்றி, விரலால் சைகை காட்டி, “ஐ ஆம் ஓகே” என்று வாயால் சொல்ல வேண்டும் என்பது சில போட்டிகளின் விதி. நினைவு தெளிவாக இருக்கிறது என்பதற்கான சாட்சி அது. பயிற்சியிலும் நாங்கள் அதை விடுவதில்லை. அண்ணை மாஸ்க்கைக் கழற்றினார், சைகை காட்டினார். உதடு விறைத்துச் சொல் வரவில்லை. நான் அவருடைய முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றில் வந்தது.

“ஓகே, மச்சான்.”