கார்க் திறக்காமல் ஒரு கிளாஸ் பரோலோ: கோராவின் விமர்சனம்

ஒரு கிளாஸ் மட்டும் போதும் என்றாலும் பாட்டிலைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்த ஒயின் காற்றுப் பட்டுச் சில நாட்களில் சுவை கெட்டுவிடும். இத்தாலியின் பரோலோ போல விலை கூடிய ஒயினில் இந்த இழப்பு வலிக்கும். இதற்கு விடையாக 2013-இல் சந்தைக்கு வந்தது கோராவின். மருத்துவக் கருவிகளை வடிவமைத்துவந்த அமெரிக்கர் கிரெக் லாம்ப்ரெக்ட்டின் கண்டுபிடிப்பு இது. இதன் டைம்லெஸ் வகையை ஒரு பரோலோ பாட்டிலில் பயன்படுத்திப் பார்த்தேன்.

எப்படி வேலை செய்கிறது?

கருவியை பாட்டிலின் கழுத்தில் பொருத்தி அழுத்தினால், உள்ளே துளையுள்ள மெல்லிய ஊசி கார்க் வழியாக இறங்கும். பாட்டிலைச் சாய்த்து விசையைத் தட்டினால் சிறு உருளையிலிருந்து ஆர்கான் வாயு உள்ளே போகும். அந்த அழுத்தத்தில் ஒயின் ஊசி வழியே கிளாஸுக்கு வரும். ஆர்கான் ஒயினோடு வினைபுரியாது. ஊசியை உருவியதும் கார்க் தானாக விரிந்து துளையை அடைத்துக்கொள்ளும்.

குத்துவதற்கு முன் விசையை ஒருமுறை லேசாகத் தட்டி, ஊசிக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது அவசியம். விசையைப் பிடித்தபடியே ஊற்றினால் வாயு வீணாகும். விட்டு விட்டுத் தட்டுவதே சரியான முறை. கிளாஸ் நிதானமாகத்தான் நிறையும்.

பரோலோவுடன் எப்படி?

பீட்மாண்ட் பகுதியின் லாங்கே குன்றுகளில், 11 ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெபியோலோ திராட்சையில் மட்டுமே பரோலோ தயாராகிறது. குறைந்தது 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில், முதிர வேண்டும் என்பது விதி. நிறம் வெளிறிய சிவப்புதான். வாயில் வைத்தால் ஈறை இறுக்கும் துவர்ப்பு.

ஊசியிலிருந்து வந்த கையோடு குடித்தபோது அந்தத் துவர்ப்பும் புளிப்பும்தான் தெரிந்தன. அகன்ற கிளாஸில் ஒரு மணி நேரம் விட்டபின் ரோஜா வாசமும் செர்ரியின் சுவையும், பரோலோவுக்கே உரிய தார் வாசனையும் மேலே வந்தன. ஆகவே பாட்டிலில் இருப்பதைக் காற்றிலிருந்து காப்பாற்றுங்கள். கிளாஸில் இருப்பதைக் காற்றாட விடுங்கள். இந்தக் கருவியைப் பரோலோவுக்குப் பயன்படுத்துவதன் சூட்சுமமே இதுதான்.

எந்த உணவுக்கு?

ஒயினின் துவர்ப்பு உணவின் புரதத்தோடு பிணைவதால் நாக்கில் அதன் கடுமை தணிகிறது. பீட்மாண்ட் சமையல் இதை நன்றாக அறிந்தது. மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கும் பிரசாட்டோ அல் பரோலோ முதல் தேர்வு. முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்துப் பிசைந்த தாயரின் என்ற மெல்லிய பாஸ்தாவில் வெண்ணெய் புரட்டி, இலையுதிர் காலத்தில் ஆல்பா ஊரின் வெள்ளை டிரஃபிள் காளானைச் சீவிப் போடுவார்கள். அதற்கும் பரோலோ அருமை. நன்கு முதிர்ந்த பார்மிஜானோ, காஸ்டெல்மாக்னோ பாலாடைக்கட்டிகளும் பொருந்தும். மிளகாய்க் காரம் தூக்கலான உணவும் மென்மையான மீனும் வேண்டாம்.

ஒரே பாட்டிலை இன்று இறைச்சியோடும் அடுத்த வாரம் பாலாடைக்கட்டியோடும் ஒப்பிட முடிவது இந்தக் கருவி தரும் பெரிய வசதி.

கவனிக்க வேண்டியவை

இயற்கைக் கார்க்குக்கே இது ஏற்றது. செயற்கைக் கார்க்கில் துளை சரியாக மூடாது. திருகுமூடி பாட்டிலுக்குத் தனி மூடி வாங்க வேண்டும். மிகப் பழைய கார்க் உதிரக்கூடும் என்பதால் இன்னும் மெல்லிய ஊசி தேவை. ஒவ்வொரு முறை சாய்க்கும்போதும் பழைய பரோலோவின் வண்டல் கலங்கும். ஆர்கான் உருளை தீரத் தீரச் செலவுதான். விரிசல் கண்ட பாட்டிலில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். உள்ளே வாயு அழுத்தம் ஏறுகிறது.

தீர்ப்பு

நல்ல பாட்டில்களைச் சேர்த்துவைத்து, தனியாகவோ இருவராகவோ அளவாகக் குடிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். நால்வர் கூடி உண்ணும் விருந்துக்கு இது தேவையில்லை. கார்க்கை எடுத்து, ஒயினைக் காற்றாட டெகாண்டர் குடுவையில் ஊற்றிவைத்துவிட்டுச் சமையலைத் தொடங்குங்கள்.