டிவி கேம் பெட்டியில் ஏறிய விமானங்கள்

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் வெள்ளம் வந்து பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டால், வந்தவர்களுக்குக் கடைத்தெருதான் கதி. பெரியவர்கள் நேந்திரங்காய் சிப்ஸ் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். தொண்ணூறுகளில் பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் இருந்தது: மணிக்கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு டிவி கேம் ஆடவிடும் கடை. கான்ட்ராவுக்கும் மாரியோவுக்கும்தான் அங்கே அடிதடி. ஓரமாக யாராவது ஒரு பையன் ‘பிளேன் கேம்’ ஆடிக்கொண்டிருப்பான். இந்தக் கட்டுரை அவனுடைய கட்சி.

அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, ஜப்பானில் 1983 ஜூலையில் நின்டென்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் விற்றன. கேசட்டின் மேல் 9999999 ஆட்டம் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை கொஞ்சம்தான். அதே ஆட்டம் வேறு ஸ்டேஜில் தொடங்கி, வேறு பெயரில் வரும். ஒரே கேசட்டில் பலவற்றை அடைக்க வேண்டுமே, அதனால் அளவில் சிறிய பழைய ஆட்டங்களாகப் பார்த்துப் போட்டார்கள். பிளேன் கேமில் நம் ஊர் ரசனை உருவானது 1984 முதல் 1986 வரை வந்த சரக்கில்தான்.

இந்த பிளேன் கேம்களை மதிப்பிட ஒரு கேள்வி போதும் என்பது என் கட்சி: திரையின் உயரத்தை என்ன செய்தார்கள்? நாம்கோ நிறுவனத்தின் கேலகாவும் செவியஸும் முதலில் நாணயம் போட்டு ஆடும் கடை இயந்திரத்தில் (ஆர்கேட்), நெட்டுக்குத்தான திரையில் ஓடியவை. 224 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். ஃபேமிகாமில் 256 அகலம், 240 உயரம். எதிரி மேலிருந்து இறங்கி நம்மை எட்டுவதற்குள் யோசிக்கக் கிடைக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. படம் அச்சு அசலாக இருந்து என்ன பயன், அந்த அவகாசம் போய்விட்டால்?

இந்தச் சோதனையில் தேறியது செவியஸ். எண்டோ மசனோபு வடிவமைத்தது. வானத்தில் வருவதைச் சுட ஒரு பொத்தான், தரையில் இருப்பதன்மேல் குண்டு போட இன்னொன்று. குண்டு விழும் குறி விமானத்துக்கு முன்னால் எப்போதும் ஒரே தூரத்தில் நிற்கும். கண் இரண்டு இடத்தில் இருந்தாக வேண்டும். 1984இல் வீட்டுக்கு வந்தபோது, மிதந்து வரவேண்டிய ஆண்டோர் ஜெனிசிஸ் கோட்டையைத் தரையோடு ஒட்டிவிட்டார்கள். ஃபேமிகாமுக்குப் பின்னணி ஓர் அடுக்குதான். ஆனாலும் நடை கெடவில்லை.

நேர்மாறு 1942. காப்காமின் 1984 ஆட்டம், ஒகமோடோ யோஷிகி உருவாக்கியது. ஜப்பானிய நிறுவனம் செய்த ஆட்டத்தில் நாம் அமெரிக்க விமானத்தில் ஏறி ஜப்பானிய விமானங்களைச் சுடுகிறோம் என்பது அன்று யாருக்கும் உறைக்கவில்லை. 32இல் தொடங்கி இறங்குமுகமாக எண்ணும் ஸ்டேஜ்கள், ஆபத்தில் கரணம் போட்டுத் தப்பும் விமானம், எல்லாம் அருமை. வீட்டுப் பதிப்போ தட்டுத்தடுமாறி ஓடும். காதைத் துளைக்கும் சத்தம் வேறு. நம்மவர்களுக்கு அதன்மேல் உள்ள பாசம் பால்யத்தின்மேல் உள்ள பாசம். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டெக்கான் நிறுவனத்தின் ஸ்டார் ஃபோர்ஸை ஹட்சன் 1985இல் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அதை வைத்து ஜப்பானில் ஊர் ஊராகப் போய்ப் போட்டி நடத்தியது. ஹட்சனின் தகஹாஷி மெய்ஜின் வினாடிக்கு 16 முறை பொத்தானைத் தட்டுவதில் பேர்பெற்றவர். அந்த விரல்வேகப் பள்ளி இங்கே வேர்விடவே இல்லை. நம் நகல் பெட்டிகளின் ரிமோட்டில் டர்போ பொத்தான் இருந்ததே! விரலுக்கு வேலையில்லை. கேலகாவில் மட்டும் டர்போவின் பாச்சா பலிக்காது. ஒரு விமானத்துக்குத் திரையில் ஒரே நேரத்தில் இரண்டு குண்டுதான். அவை பட்டோ திரையைக் கடந்தோ மறைந்தால்தான் அடுத்தது. எதிரியை நெருங்கிச் சுட்டால் குண்டு சீக்கிரம் படும், அடுத்ததும் சீக்கிரம் கிளம்பும். துணிந்து நெருங்குகிறவனுக்கு வேகம் கூடும்படி அமைந்த கணக்கு அது.

மணி அடித்துச் சக்தி சேர்க்கும் ட்வின்பீயை இருவர் சேர்ந்து ஆடலாம்; அதோடு சரி. கம்பைலின் ஸனாக் (1986) கடை இயந்திரத்திலிருந்து வந்ததல்ல, வீட்டுக்கென்றே பிறந்தது. ஆடுபவரின் திறமையைப் பார்த்துக் கடுமையைக் கூட்டிக் குறைக்கும்.

பிந்தைய பள்ளிகள் அந்தக் கேசட்டுகளில் வரவில்லை. டோப்ளான் நிறுவனத்தின் பாணியில் குண்டுகள் கொஞ்சம், வேகம் அதிகம். அந்த நிறுவனம் 1994இல் மூடியபோது அங்கிருந்து போனவர்கள் தொடங்கிய கேவ், 1997இல் டோடொன்பாச்சியில் திரை முழுக்கக் குண்டு கொட்டியது. ஆனால் நம் விமானத்தில் அடிபடும் இடத்தைக் கடுகளவாக்கியது. ட்ரெஷரின் இகருகாவில் (2001) கறுப்பு, வெள்ளை என நிறம் மாற்றி, அதே நிறக் குண்டை விழுங்கலாம். இவற்றை நம்மவர்கள் கணினியில் எமுலேட்டர் போட்டுப் பார்த்ததெல்லாம் வெகு பிந்தி.

ஜப்பானில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு நாணயம்; செத்தால் காசு போச்சு. அதனால் ஒரே நாணயத்தில் கடைசிவரை போவதுதான் அங்கே தரத்தின் உச்சம். இங்கே மணிக்கணக்குக்குக் காசு. செத்தால் ரீசெட், இல்லாவிட்டால் அடுத்த ஆட்டம். நிறையப் பார்த்தோம், ஒன்றையும் முழுக்கக் கற்கவில்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி ரசித்த ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த குற்றாலத்தில் இப்படி ஆடியிருக்க வேண்டாம்.

இன்று பேட்டில் கரெகா போன்ற கடை ஆட்டங்கள் நல்ல பதிப்புகளாகக் கிடைக்கின்றன. திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பவும் வழி உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவற்றுக்கு முன் ஸ்டார் ஃபோர்ஸை எடுங்கள். டர்போவைத் தொடாதீர்கள், கேம் ஓவர் வந்தால் முதலிலிருந்து தொடங்குங்கள்.